ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது

உங்கள் ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஆனால் மணலில் ஈரமே இல்லை என்றால், இதைப் படிப்பதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மணி இரவு இரண்டாக இருந்தாலும் சரி. மீதியை அங்கே காத்திருக்கும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முழுதாக அடைத்துக்கொண்ட பூனைக்கு ஒரு நாளுக்குள்ளேயே ரத்தத்தில் கழிவு ஏற ஆரம்பித்துவிடும், அப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். அதில் முதல் பாதி நாள் அது கொஞ்சம் எரிச்சலாக இருக்கிற மாதிரி மட்டும்தான் தெரியும். அதனால்தான் பலரும் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடுகிறார்கள்.

ஆண் பூனை என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் சிறுநீர்க்குழாய் நீளமானது, ஆண்குறிக்குள் போகும் கடைசிப் பகுதி மிகக் குறுகலானது, சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த இடத்தில் சளி மாதிரியான பொருளும் நுண்ணிய படிகங்களும் சேர்ந்த ஒரு பசைக்கட்டி வந்து நின்றாலே போதும், வழி மூடிவிடும். சில பூனைகளுக்குச் சின்னக் கல் வந்து சிக்கும். இன்னும் சிலவற்றுக்குக் கல்லும் இருக்காது, கட்டியும் இருக்காது, சிறுநீர்ப்பை அழற்சியில் குழாய் வீங்கி இறுகிப்போய் அடைத்திருக்கும். பெண் பூனைக்குக் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அழற்சி வந்தாலும் முழு அடைப்பு மிக அரிது. ஆனால் பெண் பூனை முக்கினாலும் அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள், நள்ளிரவில் ஓடவேண்டிய கட்டாயம்தான் பெரும்பாலும் இருக்காது.

கருத்தடை செய்தது, செய்யாதது இரண்டுக்கும் இது வரலாம். இளம் வயதிலிருந்து நடுவயது வரை, வீட்டுக்குள்ளேயே இருக்கிற, கொஞ்சம் குண்டான, உலர் தீவனம் மட்டுமே சாப்பிடுகிற ஆண் பூனைகளிடம்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுக்காதீர்கள்

இதுதான் அடிக்கடி நடக்கிற குழப்பம். மூத்திரத்துக்கு முக்குவதும் மலத்துக்கு முக்குவதும் வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். உட்காரும், முதுகை வளைக்கும், ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்தும், எழுந்து போகும், இரண்டு நிமிடத்தில் மறுபடி வரும். பூனையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மணலைப் பாருங்கள். ஈரம் பட்டதும் கட்டி பிடிக்கும் மணலாக இருந்தால் வேலை சுலபம்: தட்டை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த முறை அது போய்வந்ததும் கிளறிப் பாருங்கள். ஆரோக்கியமான பூனை ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு முறை வரை நல்ல அளவுக் கட்டி விடும். கட்டியே இல்லை, அல்லது பட்டாணி அளவில் நாலைந்து பொடிக் கட்டிகள் மட்டும் என்றால் சிக்கல்தான். இரண்டு மூன்று பூனைகள் இருக்கிற வீட்டில் எது யாருடைய கட்டி என்றே தெரியாது, அப்போது சந்தேகமான பூனையைத் தனி அறையில் தனித் தட்டோடு ஒரு மணிநேரம் போல விட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வாந்தி எடுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் இந்தச் சோதனையும் வேண்டாம், நேராகக் கிளம்புங்கள்.

வேறு அறிகுறிகளும் உண்டு. பின்பக்கத்தை ஓயாமல் நக்கும். குளியலறைத் தரை, சிங்க், படுக்கை என்று வழக்கமில்லாத இடங்களில் போய் உட்காரும். சொட்டுச் சொட்டாக ரத்தம் கலந்து வரும். சொட்டு வருகிறதே, அப்போது அடைப்பு இல்லைதானே என்று ஒரு ஆறுதல் தோன்றும், அதை நம்பாதீர்கள், சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிற அழுத்தத்தில் அடைப்பைத் தாண்டியும் சில சொட்டுகள் கசியும். அடிவயிற்றை இரண்டு விரலால் மிக மெதுவாகத் தொட்டால் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையாக, கெட்டியாக ஒன்று தட்டுப்படலாம், பூனை உடனே கத்தும் அல்லது கடிக்க வரும். தட்டுப்படவில்லை என்பதற்காக அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது, பழக்கம் இல்லாத கைக்கு அது தெரியாமலும் போகலாம். தட்டுப்பட்டால் அமுக்காதீர்கள். அமுக்கினால் மூத்திரம் வந்துவிடும் என்று சிலர் வீட்டிலேயே முயற்சி செய்கிறார்கள், விறைத்திருக்கும் பை கிழிந்துபோகும் அபாயம் உண்டு.

வாந்தி, சாப்பாட்டை ஒதுக்குவது, ஒளிந்துகொள்வது, தொட்டால் உடம்பு சில்லென்று இருப்பது, தள்ளாடுவது எல்லாம் அடுத்த கட்டம். வெளியே போக வழியில்லாமல் மூத்திரம் பின்னோக்கி அழுத்த, சிறுநீரகம் வடிகட்டுவதை நிறுத்திவிடும். ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் என்ற கழிவுகள் ஏறும், அவற்றோடு பொட்டாசியமும் ஏறும். இந்தப் பொட்டாசியம்தான் ஆளைக் கொல்வது. அது இதயத் துடிப்பை மந்தமாக்கி, ஒரு கட்டத்தில் நிறுத்தியே விடும். பூனை முக்குவதை விட்டுவிட்டு அமைதியாகப் படுத்துக்கொண்டது என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள், பல நேரம் நேர்மாறு.

கிளம்புவதற்கு முன்

வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்து எதுவும் இல்லை. பாரசிட்டமால் பூனைக்கு விஷம், அதை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லை, ஒரே மாத்திரை கொன்றுவிடும். ஐபுபுரோஃபெனும் அப்படித்தான், அதுவும் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது. போன தடவை மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாடிக், மூத்திரம் பெருக்கும் மூலிகை, வினிகர், சிரிஞ்சால் தண்ணீர் புகட்டுவது எல்லாமே வேண்டாம். வெளியேறும் வழி மூடியிருக்கும்போது உள்ளே இன்னும் தண்ணீர் ஏற்றி என்ன பயன்?

போனில் நீட்டி முழக்காமல் "ஆண் பூனை, முக்குகிறது, மூத்திரம் வரவில்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எந்த மருத்துவமனையிலும் இந்த மூன்றையும் கேட்டதும் அவசரம் என்று புரிந்துகொள்வார்கள். இப்போதே மயக்கம் கொடுத்துக் கதீட்டர் (மூத்திரம் போகும் வழியில் விடுகிற மெல்லிய குழாய்) போட ஆள் இருக்கிறார்களா, இரவு தங்கவைத்துப் பார்க்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் இருக்கிற இடத்துக்கு நேராகப் போவதுதான் நல்லது, பாதி ராத்திரியில் ஒரு இடத்துக்குப் போய் அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு அலைவதில் நேரம்தான் போகும். கடைசியாக எப்போது நல்ல கட்டி பார்த்தீர்கள், எப்போது சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி, ஏதாவது மருந்து கொடுத்தீர்களா, இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா என்பதைப் போனிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும்.

பூனையைக் கூடையில் வைக்கும்போது வயிற்றை அழுத்தித் தூக்காமல் ஒரு துண்டோடு சேர்த்துத் தூக்குங்கள். மேல் மூடி திறக்கிற கூடை இருந்தால் அதை எடுங்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்

மருத்துவர் அடிவயிற்றில் கை வைத்ததுமே பெரும்பாலும் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி உடனே குழாய் விடமாட்டார்கள், சில நேரம் முதலில் ரத்தம் எடுத்துப் பொட்டாசியம் பார்ப்பார்கள், இதயத்துக்கு ஈசிஜி வைப்பார்கள், நரம்பில் டிரிப்ஸ் போடுவார்கள். அடைப்பை எடுக்காமல் ஏன் தாமதிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள். பொட்டாசியம் மிகவும் ஏறியிருக்கும் பூனைக்கு அப்படியே மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே இதயம் நின்றுபோகலாம். இதயத்தைக் காப்பாற்ற கால்சியம் குளுக்கோனேட், பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும் என்று போகும். சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கு எதற்கு இன்சுலின் என்று குழம்பவேண்டாம், காரணம் இதுதான். சில மருத்துவர்கள் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசி விட்டுப் பையிலிருந்து கொஞ்சம் மூத்திரத்தை இழுத்து அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

பூனை ஓரளவு நிலைக்கு வந்ததும் மயக்கம் கொடுத்து, மெல்லிய கதீட்டரை நுனியில் வைத்து, உப்புநீரைப் பாய்ச்சி அடைப்பைப் பின்னால் பைக்குள் தள்ளிவிடுவார்கள். வழி கிடைத்ததும் பையை நன்றாகக் கழுவுவார்கள். கல் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஸ்கேன். எக்ஸ்ரே வேண்டாம் என்று செலவை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள் என்பது என் கருத்து. கல் ஒன்று உள்ளே இருந்து அது தெரியாமலே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் அடுத்த வாரமே திரும்ப அங்கேதான் நிற்கவேண்டியிருக்கும்.

கதீட்டரைத் தோலோடு தைத்து, வெளியே மூத்திரம் சேரும் ஒரு பையோடு இணைத்து, பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை வைப்பார்கள். அந்த நாட்களில் பூனை கழுத்தில் கூம்பு காலரோடு, டிரிப்ஸோடு, பரிதாபமாக இருக்கும். அடைப்பு நீங்கியதும் சிறுநீரகம் தேக்கி வைத்ததை எல்லாம் கொட்டுவது போல அளவுக்கு மீறி மூத்திரம் போகும், அதற்கு ஈடாக டிரிப்ஸை ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நீர் வறண்டு, இந்தத் தடவை பொட்டாசியம் தேவைக்குக் கீழே போய்விடும். "குழாய் போட்டாச்சே, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்" என்று அவசரப்படாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பார்க்கப் போகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில பூனைகள் ஆளைப் பார்த்ததும் சாப்பிட ஆரம்பிக்கும், சில நீங்கள் கிளம்பியதும் கலங்கிப்போய்க் குழாயைப் பிடுங்கப் பார்க்கும். உங்கள் வாசனை உள்ள ஒரு பழைய துணியைக் கொடுத்துவிட்டு வருவது இரண்டு வகைக்கும் சரிப்படும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், கூச்சப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. உத்தேசச் செலவை எழுதிக் கேளுங்கள், நாள் கூடினால் எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்து. மூன்று நாள் வைத்துப் பார்க்க முடியாது என்றால் அதை முதலிலேயே சொன்னால், அடைப்பை எடுத்துவிட்டு அன்றே அனுப்புவது, வலிக்கும் பதற்றத்துக்கும் மருந்து கொடுத்து ஊசியால் பையைக் காலி செய்து அமைதியான இடத்தில் வைத்துப் பார்ப்பது என்று குறைந்த செலவு வழிகளை மருத்துவர் யோசிப்பார். அவற்றில் மறுபடி அடைக்கிற வாய்ப்பு அதிகம், எல்லாப் பூனைக்கும் பொருந்தவும் பொருந்தாது, ஆனாலும் ஒன்றுமே செய்யாமல் திரும்புவதற்கு இது எவ்வளவோ மேல். எந்த வழியும் இல்லை என்ற நிலை வந்தால், வலியில்லாமல் தூங்கவைப்பதுகூட வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவதைவிட இரக்கமானதுதான். அடைப்பில் சாவது கொடுமையான சாவு.

கதீட்டரை எடுத்தபின் பூனை தானாக மூத்திரம் போவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பவேண்டும். "போனதா, எவ்வளவு போனது?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம்

எல்லாரும் மருத்துவமனை நாட்களைத்தான் கஷ்டம் என்று சொல்வார்கள், உண்மையில் தூக்கம் போவது இப்போதுதான். மறுபடி அடைத்துக்கொள்வது பெரும்பாலும் முதல் சில நாட்களில், அல்லது முதல் ஓரிரு வாரத்தில் நடக்கும். பூனையைத் தனி அறையில் வையுங்கள், அதற்கென்று ஒரு தட்டு, மற்றப் பூனைகள் உள்ளே வரக்கூடாது. ஒரு தாளை ஒட்டிவைத்து ஒவ்வொரு முறையும் நேரம், கட்டியின் அளவு, நிறம் மூன்றையும் எழுதுங்கள், வீட்டில் யார் பார்த்தாலும் அவர்களே எழுதவேண்டும். கட்டிக்குப் பக்கத்தில் ஏதாவது நாணயத்தை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் காட்டும்போது "பெரிசு, சின்னது" என்ற தகராறு இருக்காது.

இங்கேதான் மனசைக் குழப்புகிற விஷயம் ஒன்று இருக்கிறது. குழாய் போட்டு எடுத்த இடம் புண்ணாக இருப்பதால், அடைப்பு இல்லாத பூனைகூடச் சில நாள் அடிக்கடி போய் உட்காரும், கொஞ்சம் முக்கும், மூத்திரம் இளஞ்சிவப்பாக வரும். ஆகவே முக்குவதை மட்டும் வைத்து ஓடவேண்டியதில்லை. சின்னதாக இருந்தாலும் கட்டிகள் வந்துகொண்டே இருந்து, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாளைக்கு ஓரளவு மூத்திரம் போகிறது, சாப்பிடுகிறது, பழையபடி உங்களிடம் வருகிறது என்றால் போனில் சொல்லிவிட்டுக் கவனிக்கலாம். நாலைந்து முறை போயும் ஈரமே இல்லை, அல்லது வாந்தி, அல்லது சாப்பாட்டை விட்டுவிட்டது என்றால் யோசிக்காமல் திரும்பப் போங்கள். முக்காமலே பாதி நாளுக்கு ஒரு கட்டிகூட இல்லை என்றாலும் அப்படித்தான்.

மருந்துகளில் வலிமருந்தைத் தவறவிடாதீர்கள், வலி இருந்தால் சிறுநீர்க்குழாய் இறுகும், இறுகினால் மறுபடி அடைக்கும். ப்யூப்ரெனார்ஃபின் கொடுத்திருந்தால் அதை விழுங்கவைக்காமல் கன்னத்தின் உட்பக்கம் ஈறோரமாக விடவேண்டும், அந்த ஈரத்தோல் வழியாகத்தான் அது ஏறும். கண்மணி விரிந்து, காரணமில்லாமல் எல்லாவற்றிலும் உரசிக்கொண்டு திரியும், பயப்படவேண்டாம். கபாபென்டின் கொடுத்தால் கொஞ்சம் தள்ளாடும், உயரமான இடங்களை மூடிவையுங்கள். சிறுநீர்க்குழாயைத் தளர்த்துவதற்கு பிரசோசின் எழுதுகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள், மறுஅடைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று அண்மை ஆய்வுகள் சொல்வதால் நிறுத்திவிட்டவர்களும் இருக்கிறார்கள், எதற்காகத் தருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லையே என்று சண்டை போடாதீர்கள். இளம் பூனைகளின் சிறுநீர்ப் பிரச்சினையில் கிருமித்தொற்று இருப்பது குறைவு, மூத்திரத்தை வளர்ப்புச் சோதனைக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) அனுப்பி, கிருமி இருந்தால் கொடுப்பதே முறை.

கூம்பு காலரை "பாவமாக இருக்கிறது" என்று கழற்றிவிடாதீர்கள். நக்கி நக்கி வீங்கவைத்துக்கொள்ளும்.

தண்ணீர், சாப்பாடு, நிம்மதி

எந்தப் பிராண்டு தீவனம் என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள், எனக்கு அதைவிடத் தண்ணீர்தான் முக்கியமாகப் படுகிறது. ஈரத் தீவனத்தில் எழுபது எண்பது சதவீதம் தண்ணீர், உலர் தீவனத்தில் பத்து சதவீதம் போலத்தான். பூனை இயல்பிலேயே தாகத்தைப் பெரிதாகக் காட்டாத பிராணி, உலர் தீவனத்துக்குத் தேவையான தண்ணீரை அது தானாகக் குடித்துச் சரிக்கட்டாது, மூத்திரம் கெட்டியாகிக்கொண்டே போகும். ஆகவே முடிந்தவரை ஈரத் தீவனம், அதிலும் ஒன்றிரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்காமல் வீட்டில் நாலு இடத்தில் வையுங்கள், அகலமாக, மீசை இடிக்காத மாதிரி. ஓடுகிற தண்ணீர் பிடிக்கிற பூனை என்றால் ஒரு சின்ன நீரூற்று வாங்கலாம், எல்லாப் பூனைக்கும் அது பிடிப்பதில்லை.

படிகம் அல்லது கல் எந்த வகை என்று தெரிந்தபின்தான் சிறப்புத் தீவனம். ஸ்ட்ரூவைட் என்றால் அதற்கான தீவனம் பைக்குள் இருக்கும் கல்லைச் சில வாரங்களில் கரைத்துவிடும். கால்சியம் ஆக்சலேட் எந்தத் தீவனத்துக்கும் கரையாது, வெளியே எடுக்கத்தான் வேண்டும். ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குக் கொடுப்பதும், தீவனத்தின் மேல் அமிலமாக்கும் பொடி தூவுவதும் ஆகாது. புதுத் தீவனத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பிடிக்கவில்லை என்று பூனை பட்டினி கிடந்தால் "பசித்தால் தின்னும்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், சில நாள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி ஆபத்தாகிவிடும்.

அப்புறம் மனஅழுத்தம். கல்லும் இல்லை, கிருமியும் இல்லை என்று வந்த பூனைகளில் பெரும்பாலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. புதுப் பூனை வந்தது, வீடு மாறியது, வீட்டில் வேலை நடந்தது, ஜன்னலுக்கு வெளியே அந்நியப் பூனை உட்கார்ந்து முறைக்கிறது, நமக்கு ஒன்றுமே இல்லாத விஷயங்கள்தான். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். மூன்று தட்டை ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் ஒரு முரட்டுப் பூனை அந்த மூலையில் படுத்தே மூன்றையும் மறித்துவிடும். தினமும் அள்ளுங்கள், வாசனை போட்ட மணல் வேண்டாம். ஏறி உட்கார உயரமான இடம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, தினமும் சற்று விளையாட்டு, இவ்வளவுதான். எடை கூடுதலாக இருந்தால் மெதுவாகக் குறைக்கவேண்டும்.

இவ்வளவு செய்தும் திரும்பத் திரும்ப அடைத்தால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். ஆண்குறியின் குறுகிய பகுதியை எடுத்துவிட்டு, உள்ளே அகலமாக இருக்கும் குழாயை வெளியே திறந்து தைத்துவிடுவார்கள். கேட்பதற்குப் பயமாக இருக்கும், ஆனால் ஆறியபின் பூனை வழக்கம்போலத் தட்டில் உட்கார்ந்துதான் போகும். தையல் பிரிக்கும் வரை, சுமார் இரண்டு வாரம், காலர் கழற்றக்கூடாது, பொடி மணல் புண்ணில் ஒட்டும் என்பதால் கிழித்த காகிதத்தைத் தட்டில் போடவேண்டும். இந்த வேலையில் பழகிய கை முக்கியம், இதை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்பதில் தப்பே இல்லை, ஏனென்றால் தழும்பு இறுகித் துவாரம் சுருங்கிப்போவதுதான் இதன் பெரிய சிக்கல். அகலமான திறப்பால் கிருமித்தொற்று முன்பைவிடச் சுலபமாக ஏறும், எனவே அவ்வப்போது மூத்திரச் சோதனை செய்யச் சொல்வார்கள். கல் உண்டாவதையோ பை அழற்சியையோ இந்த அறுவை நிறுத்தாது, தண்ணீரும் தீவனமும் தட்டுகளும் அதற்குப் பிறகும் அப்படியே தொடரவேண்டும்.